கடப்பாரை சொன்ன விலை

1

எதிர்க் கட்டடத்தைத் தின்னத் தொடங்கிவிட்டார்கள். நீண்ட கழுத்துள்ள ஓர் இயந்திரம். அதன் தாடை நான்காம் மாடியின் ஓரத்தைக் கவ்வுகிறது, உலுக்குகிறது, முறிக்கிறது, துப்புகிறது. கான்கிரீட்டுக்குள்ளிருந்து கம்பிகள் நரம்பு நரம்பாகத் தொங்குகின்றன. யாரோ ஒருவரின் குளியலறை வானத்துக்குத் திறந்து கிடக்கிறது. நீல ஓடுகள், ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் மேகம். அடுத்த கடியில் அதுவும் போய்விடும்.

சமையலறை ஜன்னலோரம் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கடிக்கும் கத்தி தானாக அழுத்தி இறங்குகிறது. பாரிசுக்கு வடக்கே, ரயில் வந்து மூச்சு வாங்கும் இந்தப் புறநகரில் இருபது வருடத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தாயிற்று. எதிர்க் கட்டடம் முடிந்தால் எங்கள் கட்டடம். இரண்டுக்கும் நடுவே ஒரு நாய்கூட நிழலுக்கு ஒதுங்காத புல்வெளி.

இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. இயந்திரம் கடிக்கும்போதெல்லாம் அது விண்ணென்று தெறிக்கிறது. இந்த நாடு கொடுத்த காயம் இல்லை அது. போன வருடம் புதுச்சேரியில் ஒரு வீட்டுக்கு விலை பேசப் போனேன். அந்த வீட்டின் சுவரே கல்லெடுத்து எறிந்தது. ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

2

முதலில், எனக்கு ஏன் ஒரு வீடு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மெல்லிய விரல்கள், மடியில் கணினி. கட்டடத்தை இடிப்பதற்கு முன் குடியிருப்பவர்களின் மனநிலையைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டுமாம். "இந்த வீட்டை விட்டுப் போனால் எதை இழந்ததாக நினைப்பீர்கள்?" என்று கேட்டாள். நான் யோசித்தேன். மேல்வீட்டு அல்ஜீரியக் கிழவர் பின்னிரவில் இருமுவது, பக்கத்து வீட்டில் கறிக்கு மசாலா இடிப்பது, கீழே பிள்ளைகள் பந்தைச் சுவரில் அடிப்பது. "சத்தம்" என்றேன், என் உடைந்த பிரெஞ்சில். அவள் பரிவோடு தலையசைத்துக் கணினியில் தட்டினாள். பிறகு எட்டிப் பார்த்தேன். இரைச்சலால் அவதிப்படும் குடும்பம் என்று பதிந்திருந்தாள். திருத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களை இன்னும் அமைதியான ஓரிடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கேயும் வாடகை. அதையும் ஒருநாள் யாராவது தின்னுவார்கள்.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. முதலியார்பேட்டையில் ஓட்டு வீடு, வாடகைக்கு. எனக்குப் பத்து வயதிருக்கும். வீட்டின் சொந்தக்காரருக்கு அந்த இடத்தில் கடை கட்ட ஆசை வந்தது. ஒரு நாள் மத்தியானம் ஆட்களோடு வந்து எங்கள் பாத்திரங்களைத் தெருவில் வீசினார். அண்டா உருண்டு போய் எதிர்வீட்டுச் சுவரில் மோதிய ஓசை இருக்கிறதே, அது இன்னும் என் பற்களுக்குள் இருக்கிறது. அம்மா கரண்டிகளைப் பொறுக்கினாள்.

கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவரின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அந்த மாதிரிக் குடும்பத்தை சொல்தா வீடு என்பார்கள். பெயர்தான் வீடு, சொந்தமாகச் சுவர் ஒன்றும் கிடையாது. அவர் விமான நிலையத்தில் மூட்டை ஏற்றினார், நான் அலுவலகங்களில் தரை துடைத்தேன். ஐம்பதைத் தொடும்போது உடம்பு முழுக்க ஒரே வாக்கியம்தான் ஓடியது. என்னை யாரும் வெளியே எறிய முடியாத நான்கு சுவர் வேண்டும். அது இடிந்த சுவராக இருந்தாலும் சரி.

3

மகள் மெலனிக்கு இருபது வயது. வீடு விற்கும் நிறுவனமொன்றில் வார இறுதிகளில் வேலை செய்துகொண்டே படிக்கிறாள். இங்கே சின்னதாக ஓர் அடுக்ககம் வாங்கலாமா என்று நாங்கள் அலைந்த காலத்தில் அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள். "அம்மா, உள்ளே போனதும் விரிசலைக் காட்டு. ஈரத்தைக் காட்டு. ஒன்றையும் விடாதே. கடைசியில் அவர்கள் கேட்டதில் பாதியைச் சொல். சொன்ன பிறகு பேசாதே. மௌனம்தான் விலையை இறக்கும்." இங்கே அதுதான் வழக்கம். விற்கிறவன் முகம் சுளிப்பதில்லை. அவனும் இன்னொரு வீட்டில் போய் அதையே செய்கிறவன். அவ்வளவு பெரிய தொகைக்கு எந்த வங்கியும் எங்களுக்குக் கடன் தரவில்லை, அது வேறு கதை. ஆனால் பாடம் எனக்குள் இறங்கிவிட்டது.

இதையெல்லாம் அவள் பிரெஞ்சில்தான் சொன்னாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது டாக்டரம்மா எச்சரித்தாள், வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை பள்ளியில் தடுமாறும் என்று. அப்படியே செய்தேன். தாலாட்டு பிரெஞ்சில், கதை பிரெஞ்சில், முத்தம் பிரெஞ்சில். ஆனால் கோபம் டாக்டரம்மாவின் பேச்சைக் கேட்கவில்லை. கோபம் வந்தால் தமிழ்தான் வந்தது, அணை உடைந்த மாதிரி. ஆகவே என் மகளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் என் ஆத்திரம்தான். எந்திரி. வாய மூடு. சீக்கிரம். நாசமாப் போச்சு. தோல உரிச்சுடுவேன். 'நீங்க' என்ற சொல் அவளிடம் இல்லை. அவள் தமிழ் பேசினால் வாசலில் யாரோ பூட்ஸ் காலோடு ஏறி வருவது போலிருக்கும்.

போன வருடம் அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ரெட்டியார்பாளையத்தில் சித்தி மகள் வீட்டில் தங்கினோம். தரகர் ஏழுமலை ஒரு பழைய வீடு இருக்கிறது என்றார். டவுனுக்குள், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, ஒரு குறுகிய வீதியில். வேலை நிறைய இருக்கிறது, அதனால்தான் உங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி வரும் என்றார்.

4

வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே ஏழுமலை என்னை நிறுத்தினார்.

"அக்கா, ஒண்ணு கேட்டுக்கங்க. உள்ள போனா குடுக்கறதக் குடிங்க. நல்ல வூடுன்னு சொல்லுங்க. காத்து நல்லா வருதுன்னு சொல்லுங்க. வெலயப் பத்தி மூச்சு வுடாதீங்க. வெளிய வந்து டீக்கடையில ஒக்காந்துக்கினு எங்கிட்ட சொல்லுங்க, நான் போயி அவருகிட்ட சொல்றேன். அவரு சொல்றத ஒங்களுக்கு வந்து சொல்றேன். வூட்டுக்குள்ள நின்னுக்கினு வூட்டக் கொற சொல்லக்கூடாது."

"சொன்னா?"

"மனுசன் தாங்கினாலும் வூடு தாங்காது."

இது எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. ஆனால் வீடே இல்லாதவர்களுக்கு அந்த வழக்கம் எங்கே தேவைப்பட்டது? மெலனிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் சிரித்தாள். நடுவில் இருப்பவர் பிழைப்பதற்காகக் கண்டுபிடித்த சட்டம் என்றாள், பிரெஞ்சில். எனக்கும் அப்படித்தான் பட்டது. நேருக்கு நேர் பேசினால் என்ன? இருபது வருடமாக நேருக்கு நேர்தானே அடி வாங்குகிறேன்.

கதவு திறந்தது. உள்ளே முற்றம். நான்கு மரத்தூண்கள். அவற்றின் நடுவே வெயில் ஒரு பெரிய மஞ்சள் விலங்கு மாதிரிப் படுத்திருந்தது. பார்த்த கணமே மார்பில் யாரோ குத்தினார்கள். அந்த வீடு எனக்கு வேண்டும் என்பது அந்தக் குத்திலேயே முடிவாகிவிட்டது.

வீட்டின் சொந்தக்காரர் கோதண்டம், லாரி ஓட்டி ஓய்ந்தவர். முட்டி இரண்டும் போய்விட்டது. மகன் தவளக்குப்பத்தில் வீடு கட்டிக் கூப்பிடுகிறான், அதனால் விற்கிறார். அவர் மனைவி அலமேலு காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

"ரெண்டு பக்கமும் ஓட்டல் ஆயிடுச்சும்மா," என்றார் கோதண்டம். "அந்தப் பக்கத்து வூட்டுல ஒரு காபி எரநூறு ரூவாயாம். நம்மகிட்ட சும்மா. நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குங்க."

"ஓட்டல்காரன் இங்கயும் வந்துட்டான். கேட்டதக் குடுக்கறேங்கறான். குடுத்தா தூண மட்டும் வச்சுக்கினு மிச்சத்த இடிப்பான். குடும்பமா வந்து குடியிருக்கறவங்க வேணும்னுதான் ஏழுமலகிட்ட சொல்லி வச்சேன். பிரான்சுல இருந்தாலும் நம்ம ஊருப் பொண்ணாச்சே நீ."

அப்போதே நான் எழுந்து, நல்ல வீடு, காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்திருக்க வேண்டும்.

5

அறை அறையாக நடந்தோம். மெலனி முன்னால் போய் விரலை நீட்டினாள், பின்னால் என் வாய் ஓடியது. விட்டத்தைக் கரையான் தின்றுவிட்டது. சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கிறது, கையை வைத்தால் சுண்ணாம்பு மாவாக உதிர்கிறது. மாடி ஒழுகிய கறை. சமையற்கட்டுச் சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. கழிவறையை முழுதாகப் புதிதாகக் கட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கோதண்டம் "ஆமா" என்றார். முதல் "ஆமா" சாதாரணமாக வந்தது. பிறகு வந்தவை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டைக்குள் இறங்கின. எனக்கு அது கேட்டது. கேட்டும் நிறுத்த முடியவில்லை. ஒரு வேகம். யாரோ என்னை அடித்த அடிகளையெல்லாம் அந்தச் சுவர்களில் இறக்கிக்கொண்டிருந்தேன்.

முற்றத்துக்குத் திரும்பி வந்து நின்று விலையைச் சொன்னேன். தரகர் மூலம் அவர் கேட்டிருந்ததில் பாதி. பாதிக்கும் கொஞ்சம் கீழே.

பிறகு பேசவில்லை. பாடம் அப்படி.

ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். அலமேலு என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். அந்த மௌனத்தை மெலனியாலேயே தாங்க முடியவில்லை. வீடு ரொம்பப் பழுதாகிவிட்டது, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று சமாதானமாக ஒன்று சொல்ல நினைத்தாள். அவளிடம் இருந்த தமிழில்தானே அதைச் சொல்ல முடியும்.

"வீடு நாசமாப் போச்சு," என்றாள். "நீ யோசி. சீக்கிரம்."

கோதண்டம் அவளை ஒரு முறை பார்த்தார். எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். முகம் கழுவப் போகிறார் என்று நினைத்தேன். அங்கே பட்டுப்போன தென்னையின் வேரைத் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடப்பாரையோடு திரும்பி வந்தார். முட்டி வலி எங்கே போனதோ.

"பாதி வெலைக்குத்தான வூடு வேணும்?" குரல் உயரவில்லை. "இரு. பாதியா ஆக்கித் தரேன்."

முதல் அடி சமையற்கட்டுச் சுவரில், நான் காட்டிய அதே வெடிப்பில் இறங்கியது. வீடு முழுக்க ஒரு முறை விக்கியது. இரண்டாவது அடியில் சுண்ணாம்புப் பாளம் ஒன்று ஆளுயரத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. மூன்றாவதில் செங்கல்கள் தெரிந்தன, பல் தெரிகிற மாதிரி. "இது கரையான். இது ஓதம். இது ஒழுகறது." அடிக்கு ஒரு குறையாக எண்ணிக்கொண்டே அடித்தார், நான் சொன்ன வரிசையில், ஒன்றையும் விடாமல். புழுதி முற்றத்து வெயிலை மறைத்தது. ஏழுமலை வாசல்வரை ஓடிப்போய் அங்கிருந்து "அண்ணே, அண்ணே" என்றார்.

ஒரு செங்கல் சில்லு பறந்து வந்து என் புருவத்தைக் கிழித்தது. ஒரு கண் சிவப்பாகிவிட்டது. அந்தச் சிவப்புக்குள்ளே அவர் தூணை நோக்கித் திரும்புவதைப் பார்த்தேன்.

அலமேலு தூணில் முதுகைச் சாய்த்து நின்றாள். "இடி. மேல இருக்கறதெல்லாம் என் தலையில வுழட்டும். லாரி ஓட்டற காலத்துலயே ஒனக்கு இதான் புத்தி. எதுர்ல வரவன் ஆரன் அடிச்சா எறங்கிப் போயி அடிக்கறவந்தான நீ."

"நவுரு."

"நவுர மாட்டேன்."

கடப்பாரை அவள் தோளுக்கு மேலே தூணில் விழுந்தது. மரம் அலறியது. நான் பாய்ந்து அந்த இரும்பை இரண்டு கையாலும் பிடித்தேன். சூடாக இருந்தது. முதலியார்பேட்டையின் தமிழ், கல்யாணத்துக்குப் பிறகு நான் பேசாத தமிழ், தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"என் வூட்ட இடிக்காதீங்க."

அவர் நின்றார். மூச்சு இரைத்தது.

"யாரு வூட்ட?"

"என் வூட்ட."

"இப்ப ஓட்ட ஒடசல்னு சொன்னியே, அதுவா?"

"அதுதான்."

கடப்பாரையை அவர் விட்டுவிட்டார். அதன் கனம் என்னைத் தரையில் உட்கார வைத்தது.

6

இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். எதிரே பாதிக் கடியில் ஒரு படிக்கட்டு நிற்கிறது, எங்கும் போகாமல். இவர்களுக்கு அந்தக் கட்டடத்தின்மேல் கோபம் கிடையாது. கோபமில்லாமல் இடிப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று அலமேலு காபித்தூளை வைத்து என் புருவத்தை அழுத்தி ரத்தத்தை நிறுத்தினாள். "கண்ணுல பட்டிருந்தா இன்னா பண்ணியிருப்ப?" என்று புருஷனைத் திட்டிக்கொண்டே அழுத்தினாள். வலி பின்மண்டைவரை போனது. பிறகு ஆஸ்பத்திரி, தையல். பிறகு டீக்கடை. ஏழுமலை தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"பாதி வெல சொன்ன வாயால என் வூடுன்னும் சொல்லிட்டீங்க. இனிமே நான் இன்னாத்தக்கா கொறைக்கறது?"

கணவர் தொலைபேசியில் போலீசுக்குப் போகச் சொன்னார். வேறு வீடு பார் என்றார். மாட்டேன் என்றேன். ஏன் என்று அவருக்கு விளக்க முடியவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். என் உழைப்பையும் உச்சரிப்பையும் பாதி விலைக்குக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். ஒரு தடவைகூட நான் எதையும் உடைக்கவில்லை. உடைப்பதற்கு எனக்கென்று ஒன்றும் இருந்ததில்லை. அந்த மனிதருக்கு இருந்தது. அவமானப்பட்டதும் ஓங்கி அடிக்கச் சொந்தமாக ஒரு சுவர் இருந்தது. எனக்கு அது வேண்டும். பூசி வெள்ளையடித்து விளக்கு மாட்டிய வீடு இல்லை, ஓங்கி அடித்தால் என்னையே அடித்துக்கொண்டதாக வலிக்கிற வீடு.

ஏழுமலை கோதண்டத்திடம் போய்விட்டு வந்தார்.

"வெலய அப்பறம் பேசலாமாம். மொதல்ல ஒங்க பொண்ணு வரணுமாம். எங்க நின்னு நாசமாப் போச்சுன்னு சொல்லிச்சோ அங்கயே நின்னு வூட்டுக்கு ஒரு நல்ல வார்த்த சொல்லணுமாம். நாளைக்குக் காலையில சொல்லலன்னா ஓட்டல்காரங்கிட்ட முன்பணம் வாங்கிடுவாராம்."

"நான் சொல்றேன்."

"நீங்க சொல்லி ஆவாது. கெட்டது சொன்ன வாயிதான் அத எடுக்கணும்."

அன்று சாயங்காலம் சித்தி மகள் வீட்டு மாடியில் மெலனிக்கு வாழ்த்துச் சொல்லக் கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். நல்லா இருக்கணும். நீடூழி வாழணும். எல்லாம் அவள் நாக்கில் பிளாஸ்டிக் பூ மாதிரி ஒட்டாமல் நின்றன. அவள் வெடித்தாள். உன் முகத்தை உடைத்தவனிடம் நான் போய் மன்னிப்புக் கேட்கணுமா என்றாள். நான் கிளி இல்லை என்றாள். பிறகு, மெதுவாக, "எனக்குக் குரைக்க மட்டும் கற்றுக்கொடுத்தாய். இப்போது குரைத்தால் வெட்கப்படுகிறாய்," என்றாள். எல்லாம் பிரெஞ்சில். செங்கல்லாவது புருவத்தில் மட்டும்தான் பட்டது. கை ஓங்கினேன். அவள் நகரவில்லை. கையைக் கீழே போட்டேன்.

7

மறுநாள் காலையில் எனக்கு முன்பே குளித்துத் தயாராக நின்றாள். என்ன சொல்லப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் நேரம் போகும், வீடும் போகும்.

முற்றத்தில் இடிபாட்டைக் கூட்டி ஒரு பக்கமாகக் குவித்திருந்தார்கள். சுவரில் பெரிய ஓட்டை, அதன் வழியாகச் சமையற்கட்டின் அடுப்பு தெரிந்தது. கோதண்டம் எங்களுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற அலமேலுவும் வா என்று சொல்லவில்லை. ஏழுமலை செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார், எப்போது வேண்டுமானாலும் ஓடுவதற்கு வசதியாக.

மெலனி அதே இடத்தில் போய் நின்றாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து ஓட்டலில் தட்டுகள் மோதும் சத்தம். என் தொண்டைக்குள் நான் ஒவ்வொரு வாழ்த்தாக அவளுக்கு எடுத்துக்கொடுத்தேன், உதடு அசையாமல். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தூணில் கடப்பாரை பதிந்த வெட்டைப் பார்த்தாள். அருகே போனாள். அந்த வெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு என் குரலில், அச்சு அசலாக என் குரலில், தூணை அதட்டினாள்.

"ஏய். பத்திரமா இரு. விழுந்த, கொன்னுடுவேன்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் பள்ளிக்குப் போன காலமெல்லாம், பனி உறைந்த எங்கள் கட்டடத்து வெளிப் படிக்கட்டில் அவள் இறங்கி ஓடும்போது, மேலே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நான் கத்திய வார்த்தை அது. ஒவ்வொரு காலையும். அதை அவள் திட்டு என்று எடுத்து வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அலமேலு முதலில் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. "பெத்தவ பேசற பேச்சுய்யா இது," என்றாள் புருஷனிடம்.

கோதண்டம் சிரிக்கவில்லை. நாற்காலியை அப்படியே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தரகரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வீட்டுக்குள்ளேயே, முற்றத்தின் நடுவிலேயே, தன் வாயால் விலை பேசினார்.

"நான் இடிச்ச செவுத்தக் கட்ட இன்னா ஆவுதோ அதக் கழிச்சுக்க. அதுக்கு மேல ஒரு பைசா கொறைக்க மாட்டேன்."

நான் எதிர்விலை சொல்லவில்லை. கணவர் எடுக்க வேண்டிய கடனும், நான் துடைக்க வேண்டிய தரைகளும் எனக்கு முன்னால் நீண்டு கிடந்தன.

"சரிங்க," என்றேன்.

மெலனி தூணை ஒரு தட்டு தட்டினாள், மாட்டின் விலாவில் தட்டுகிற மாதிரி, பலமாக. மேலே விட்டத்திலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்து எங்கள் எல்லோர் தலையிலும் விழுந்தது. யாரும் அதைக் குறை என்று சொல்லவில்லை.